நர்சிங் முடித்தாயிற்று, முதல் வேலைக்கு எந்த ஊர்?

கேள்வி சுருக்கமாக இதுதான். தேனி மாவட்டத்துப் பெண், இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே முப்பது படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றில் மாதம் 9,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். கூடப் படித்தவர்களில் சிலர் பெங்களூரு போய்விட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஜெர்மனிக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவரைக் காட்டுகிறார். அம்மாவுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. பேசாமல் சென்னைக்கு ரயில் ஏறி, தோழியின் அறையில் தங்கிக்கொண்டே வேலை தேடலாமா?

நான் பல வருஷம் வார்டிலும் அப்புறம் புதிதாகச் சேரும் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையிலும் இருந்தவள். என் பதில்: வெளியூர் போங்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேலை உறுதியாகாமல் ரயில் ஏறாதீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் இரண்டாவது கேள்விகள்தான். எந்த வார்டில் போடுவார்கள், அங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள், விட்டு வரும்போது கையில் என்ன காகிதம் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

முப்பது படுக்கை நர்சிங் ஹோமை நான் கேவலமாகச் சொல்ல மாட்டேன். அங்கே கேனுலா, அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய், போட்டுப் போட்டுக் கை பழகும். பிரசவம் பார்க்கலாம், அவசரத்துக்குத் தியேட்டரிலும் நிற்கலாம். ஆனால் அதே நர்ஸ்தான் ஓபி டோக்கன் கொடுப்பார், மருந்துக் கடையில் ஆள் வராத நாளில் அங்கேயும் உட்காருவார். நீங்கள் செய்வது சரியா தவறா என்று பார்க்க உங்களுக்கு மேலே ஒரு சீனியர் இருக்க மாட்டார். டாக்டர் வீட்டில் இருப்பார், போனில் சொல்லுவார், நீங்கள் ஊசி போடுவீர்கள். படித்து முடித்த முதல் வருஷத்தில் இது ஆபத்து, நோயாளிக்கும் உங்கள் பதிவு எண்ணுக்கும். இன்னொன்று, அந்த அனுபவத்தை வெளியில் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மத்திய அரசின் எய்ம்ஸ், நர்சுகளை வேலைக்கு எடுக்க நடத்தும் நார்செட் தேர்வுக்கு, ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்களிடம் கேட்பது, குறைந்தது 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம். பி.எஸ்சி.க்கு அந்த நிபந்தனை இல்லை என்றாலும், வெளிநாட்டு ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் 'நூறு படுக்கைக்கு மேல்' என்ற வரியை அடிக்கடி பார்ப்பீர்கள். வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றால் பேச்சு வேறு. அப்படி இல்லை என்றால் அங்கே சேராதீர்கள்.

பெட்டி கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை, பதிவு. சென்னை மயிலாப்பூரில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்), ஆர்எம் (பதிவுபெற்ற மகப்பேறு நர்ஸ்) பதிவு முடிந்தால்தான் நீங்கள் சட்டப்படி நர்ஸ். அதுவரை எந்தப் பெரிய மருத்துவமனையும் 'ட்ரெய்னி' என்ற பெயரில்தான் எடுக்கும், சம்பளமும் அதற்கேற்ப இருக்கும். அந்த ட்ரெய்னி காலத்தை அனுபவச் சான்றிதழில் காட்டுவார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ரிசல்ட் வந்து, பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். "கான்வகேஷன் முடியட்டும்" என்று காத்திருந்து மாதங்களை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நம் ஊரின் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ் கவிதா'. பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரை விரித்து 'கவிதா செல்வராஜ்' ஆகிவிடும். கவுன்சில் பதிவில் ஏதோ ஒன்று. உள்ளூரில் இதை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. நாளைக்கு வளைகுடாவுக்குப் போக டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கொடுக்கும்போது, இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில் என்று மூன்று வாசலுக்கும் நடக்க வேண்டிவரும். இப்போது ஊரில் இருக்கும் இந்தச் சில வாரங்களில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, பெயர், பிறந்த தேதி, அப்பா பெயரின் எழுத்து மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று, மதிப்பெண் பட்டியலுக்குப் பொருந்துகிற மாதிரி எடுங்கள்.

சரி, எந்த ஊர்.

தேனிக்காரர்கள் மதுரையைத் தாண்டி யோசிப்பதில் எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. இதய சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் என்று எல்லாப் பிரிவுகளும் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் அங்கே இருக்கின்றன. வார விடுமுறைக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அம்மாவைச் சமாதானப்படுத்த இதைவிட நல்ல முதல் படி கிடையாது. அங்கே நல்ல ஐசியு இடம் கிடைத்தால் சென்னை சம்பளத்தைவிட இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தாலும் நான் மதுரையைத்தான் எடுப்பேன். அறை வாடகையிலும் போக்குவரத்திலும் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

கோயம்புத்தூர் அடுத்தது. அவிநாசி ரோடு, பீளமேடு பக்கம் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருப்பதால் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் உண்டு. வேலூர் சிஎம்சி தனி ரகம். 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம். அங்கே இரண்டு வருஷம் இருந்தவர் என்றால் நேர்காணல் எடுப்பவரின் முகமே மாறும். விளம்பரம் வரும்போது கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சென்னையில் வேலைகள் அதிகம், அதே அளவுக்கு ஆட்களும் அதிகம். கிரீம்ஸ் ரோடு, போரூர், பெரும்பாக்கம் பக்கமுள்ள பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளில் பலர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவார்கள். இந்தி இல்லாமல் திண்டாடுவீர்கள், ஆனால் ஆறு மாதத்தில் 'தர்த் கஹாங் ஹை' என்பதில் தொடங்கி வேலைக்கு வேண்டிய இந்தி வந்துவிடும். அது பின்னால் டெல்லிக்கும் வளைகுடாவுக்கும் பயன்படும். போடியிலிருந்து தேனி வழியாக சென்னை சென்ட்ரலுக்கு 2023 முதல் ரயில் இருக்கிறது, வாரத்தில் சில நாட்கள் மட்டும். அதற்காகவே சென்னை என்று முடிவெடுக்க வேண்டாம், நேர்காணலுக்குப் போய்வர வசதி, அவ்வளவுதான்.

பெங்களூரு போன தோழிகளிடம் ஒன்று கேளுங்கள்: கர்நாடகா கவுன்சிலில் பதிவு செய்துவிட்டார்களா? மாநிலம் மாறினால் தமிழ்நாடு கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, அந்த மாநிலக் கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். பல மருத்துவமனைகள் முதலில் சேர்த்துக்கொண்டு, சில மாதத்துக்குள் பதிவைக் கொண்டுவா என்று சொல்லும். கொண்டுவராவிட்டால் நிரந்தரம் ஆக்குவதைத் தள்ளிப்போடும். இந்திய நர்சிங் கவுன்சில் நாடு முழுவதற்கும் ஒரே தேசிய அடையாள எண் கொடுக்கிறது. 2023-ல் புதிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டமும் வந்தது. ஆனாலும் நடைமுறையில் மாநிலம் மாறினால் காகித அலைச்சல் இருக்கிறது. ஒரு வருஷத்தில் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் இந்த அலைச்சலே வீண்.

உங்களுக்குக் குமுளி பக்கம்தான், ஆகவே கேரளாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே நர்சுகள் சங்கமாகத் திரண்டு போராடியதன் பலனாக 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனை நர்சுகளுக்கு மாதம் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அரசு அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மண்ணில் வீட்டுக்கு ஒரு நர்ஸ். புதிதாக முடித்த தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு அங்கே வரிசை நீளம்.

இப்போது சம்பளக் கணக்கு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆஃபர் லெட்டரில் 20,000 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பிஎஃப் பன்னிரண்டு சதவீதம், 1,440 போகும். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐ முக்கால் சதவீதம், 150 போகும். மருத்துவமனை விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து 6,000 பிடித்தால் கைக்கு வருவது 12,410. ஊரில் 9,000 வாங்கி அம்மா சமையல் சாப்பிடுவதற்கும் இதற்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை பார்த்தீர்களா? அதனால்தான் முதல் வருஷத்தைப் பணத்தால் அளக்காதீர்கள் என்கிறேன். பிஎஃப் பிடிக்கிறார்களே என்று வருத்தப்படவும் வேண்டாம். அந்தக் கணக்கின் யுஏஎன் எண், நீங்கள் அங்கே உண்மையிலேயே வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி. மருத்துவமனை நாளைக்குச் சான்றிதழ் தர இழுத்தடித்தாலும் அந்தப் பதிவு நிற்கும். 'பிஎஃப் இல்லை, முழுச் சம்பளமும் கையில்' என்று சொல்லும் இடத்தில் நான் சேர மாட்டேன். சிலர் பிஎஃப்பில் மருத்துவமனையின் பங்கையும் உங்கள் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுவார்கள். "மாசம் கையில எவ்வளவு வரும் சார்?" என்று நேராகக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

எவ்வளவு கேட்பது நியாயம் என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்கு நிகராகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், தமிழ்நாட்டில் அது சட்டமாகவில்லை. நேர்காணலில் இதைத் தூக்கிப் போட்டுச் சண்டை போட முடியாது. ஆனால் 9,000 ரூபாயை 'ஃப்ரெஷருக்கு இதுவே அதிகம்' என்று சொல்பவரிடம் தலையாட்டாமல் இருக்க உதவும்.

பாண்டு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருப்பேன், நடுவில் போனால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதி வாங்குவது தனியார் இடங்களில் சகஜம். பயிற்சி உண்மையாகவே கொடுக்கும் இடத்தில் ஒரு வருஷ பாண்டைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன், எப்படியும் ஒரு வருஷம் இருக்கத்தானே போகிறோம். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவைப்பதுதான் ஏற்க முடியாதது. கல்விச் சான்றிதழ் ஒன்றும் அடமானப் பொருள் இல்லை, அதைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்க வேண்டும் என்றால் உங்கள் கண் முன்னே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். "எல்லாரும் குடுத்திருக்காங்க, நீங்க மட்டும் என்ன?" என்று கேட்பார்கள். அப்போது, எந்தெந்தச் சான்றிதழ், எத்தனை, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மருத்துவமனை முத்திரையோடு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் சான்றிதழ்கள் மாட்டிக்கொண்டதால் அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்பு நாளைத் தவறவிட்டாள். வக்கீல் நோட்டீஸ் போனதும் கொடுத்துவிட்டார்கள். தேதிதான் போனது போனதுதான்.

நேர்காணலில் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்தாமல் நீங்களும் கேளுங்கள். எந்த வார்டு? முதல் எத்தனை வாரம் சீனியரோடு சேர்த்துப் போடுவீர்கள்? ஒரு ஷிஃப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்? வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஐசியு நோயாளிகள் இருவருக்கு ஒரு நர்ஸ் என்பது பொதுவாக ஒத்துக்கொண்ட கணக்கு. நான்கு வென்டிலேட்டருக்கு ஒருத்தர் என்று தயங்காமல் சொல்லும் இடத்தில் புதியவர் நிற்கக் கூடாது. நைட் டூட்டி எத்தனை மணி நேரம், முடிந்ததும் விடுதிக்கு வண்டி உண்டா என்பதையும் கேளுங்கள். விடுதி எங்கே என்று கேட்டு, முடிந்தால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் எச்ஆர் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் தெரிந்துவிடும். அவர்களிடம் ஒரே கேள்வி போதும்: இங்கிருந்து போனவர்களுக்கு ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் ஒழுங்காகக் கிடைத்ததா?

பெரிய இடத்து ஐசியு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு உதாரணம். ரத்த அழுத்தம் விழுந்துபோன நோயாளிக்கு, அதைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டிருக்கும். சிரிஞ்ச் தீரப்போகிறது. தீர்ந்ததும் மாற்றினால் போதும் என்று புதியவருக்குத் தோன்றும். ஆனால் பழைய சிரிஞ்சைக் கழற்றி, புதியதை மாட்டி, காற்றுப் போக்கி ஓடவிடும் அந்த ஒரு நிமிடத்தில் மானிட்டரில் பிபி எழுபதுக்குக் கீழே போய்விடும். அனுபவமுள்ள சிஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? பத்துப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே அடுத்த சிரிஞ்சைக் கலந்து லேபிள் ஒட்டி, இரண்டாவது பம்பில் மாட்டித் தயாராக வைத்திருப்பார். அதை ஓடவிட்டு, பிபி நிற்பதைப் பார்த்துப் பழையதைக் குறைப்பார். பக்கத்தில் நின்று ஒரு தரம் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. யாரும் காட்டாவிட்டால் ஒரு நோயாளியின் உடம்பில்தான் கற்றுக்கொள்வீர்கள். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் எடுப்பதும் அப்படித்தான். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, மருந்து ஓடும் ஒவ்வொரு குழாயையும் பம்பிலிருந்து கைவரை விரலால் தொட்டுப் பார்த்து வாங்கும் வார்டும் இருக்கிறது, நர்சஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகும் வார்டும் இருக்கிறது. முதலாவதில் சேருங்கள்.

தங்கும் இடத்துக்கு மருத்துவமனை விடுதி சரியில்லை என்றால் தனியார் விடுதிக்கு ஓடும் முன், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள். தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரி, வேலூர், திருச்சி என்று பல ஊர்களில் இருக்கின்றன, பாதுகாப்பு நன்றாக இருக்கிறது. தனி வீடு எடுப்பதை முதல் வருஷம் யோசிக்கவே வேண்டாம். நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்கும் பெண்ணை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதே தனி வேலை.

அரசு வேலை? அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து அதற்குப் படிக்கிறேன் என்று இரண்டு வருஷத்தைக் கழிக்க வேண்டாம். மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நம் வாயில் எம்ஆர்பி, 2015 முதல் நர்சுகளைத் தேர்வு வைத்துத் தொகுப்பூதியத்தில்தான் எடுக்கிறது. அப்போது மாதம் 7,700 ரூபாய். போராட்டங்களுக்குப் பிறகு படிப்படியாக ஏறி 18,000-க்கு வந்தது. 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகமான டிஎம்எஸ் வளாகத்தில் நர்சுகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்ததை நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது டிவியில் பார்த்திருப்பீர்கள். காலமுறை ஊதியத்துக்கு மாறுவது காலியிடத்தைப் பொறுத்தது, வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட நலவாழ்வு சங்கம் வழியாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எடுப்பதும் ஒப்பந்தம்தான். வீட்டுப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது, க.விலக்கு மருத்துவக் கல்லூரி வாசலில் அறிவிப்பு வந்தால் அப்பாவைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

மத்திய அரசுப் பக்கம்தான் உண்மையான பாய்ச்சல். நார்செட் தேறினால் எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர், தொடக்கத்திலேயே அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. 2020 முதல் நடக்கிறது. இப்போது முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்த புதியவரும் எழுதலாம். எய்ம்ஸ் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள், தம்பிமார்களுக்கு அதில் வருத்தம் உண்டு, உங்களுக்குச் சாதகம். இஎஸ்ஐ, ரயில்வே இடங்களும் இதே சம்பள நிலைதான். ரேங்கைப் பொறுத்து பாட்னா, தேவ்கர், ராய்ப்பூர் என்று எங்கே வேண்டுமானாலும் விழும். விழுந்தால் போங்கள். ராஜஸ்தான் பிள்ளைகள் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்து இந்தத் தேர்வை அள்ளிக்கொண்டு போகிறார்கள். நம்மவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை, விண்ணப்பமே போடுவதில்லை. ஐசியுவில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கேள்வித்தாள் போட்டுப் பாருங்கள். மருந்து அளவுக் கணக்கும் ஈசிஜியும் டூட்டியிலேயே பழகிவிடும்.

கடைசியாக ஜெர்மனி ஏஜென்ட். நாடு நல்ல நாடுதான், அனுபவம் இல்லாதவர்களையும் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஜெர்மன் மொழி பி2 நிலை வரை வர வேண்டும். தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவருக்கு முழுநேரமாகப் படித்தாலும் ஒரு வருஷத்துக்குக் குறையாத உழைப்பு. போன பிறகும் உங்கள் பட்டத்துக்கு அங்கே முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் அதுதான். 'ஆறு மாசத்தில் அனுப்புறேன், மூணு லட்சம் குடு' என்று உங்கள் சொந்தக்காரர் காட்டும் ஆள் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மத்திய அரசிடம் உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்லும் சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 35,400. அவர் பெயர் மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்சுகளுக்கு ஜெர்மன் வகுப்பும் நடத்துகிறது, ஆளும் எடுக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

வளைகுடா என்றால் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம், டேட்டாஃப்ளோ, அப்புறம் அந்த நாட்டின் கணினித் தேர்வு. அந்த நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகளுக்கு 2015 முதல், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும், குடிபெயர்வு அனுமதி கட்டாயம். 'விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்' என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். இங்கிலாந்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு ஆறரை, மற்ற மூன்றுக்கும் ஏழு வேண்டும். முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் கேர் ஒர்க்கர் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அவர்கள் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், அதன் பெயரில் இன்றும் யாராவது பணம் கேட்டால் அது முழு மோசடி.

ஜெர்மனி ஆசை நிஜமாகவே இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். மதுரையிலோ கோவையிலோ வேலை, டூட்டி இல்லாத நேரத்தில் மொழி வகுப்பு. பி1 வரும்போது ஒரு வருஷ ஐசியு அனுபவமும் கையில் இருக்கும், அந்த நாட்டு ஆஸ்பத்திரி உங்களோடு பேசும் விதமே வேறாக இருக்கும். மொழி வகுப்புக்குப் பணம் நாங்கள் கட்டுகிறோம், நடுவில் விட்டால் இரண்டு மடங்கு கட்டு என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மாவிடம் வாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. நேர்காணலுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். விடுதியைப் பார்க்கட்டும், வார்டனிடம் பேசட்டும், இரவு டூட்டிக்குப் பெண்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்கட்டும். தெரியாத ஊர் என்பதுதான் பெரும்பாலான அம்மாக்களின் பயம், பார்த்துவிட்டால் பாதி குறைந்துவிடும். உங்கள் செட்டில் இன்னொரு பெண்ணும் அதே இடத்துக்கு விண்ணப்பித்தால் மீதியும் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் "ஆறு மாசம் பொறு, அப்புறம் பார்க்கலாம்" என்றால் அந்த ஆறு மாதம் பயோடேட்டாவில் வெற்றிடமாகத் தெரியும், ஒவ்வொரு நேர்காணலிலும் அதைக் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். கவுன்சில் பதிவு வரக் காத்திருக்கும் இந்த வாரங்களிலேயே மதுரையில் மூன்று, கோவையில் இரண்டு என்று விண்ணப்பம் போட்டுவிடலாம், பதிவு எண் வந்ததும் தருகிறேன் என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். ஆஃபர் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடிதத்தில் வார்டு, பிஎஃப், பாண்டு, விடுதிப் பிடித்தம் நான்கும் எப்படி எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், மருத்துவமனைப் பெயரை மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.